மூன்றாவது பதில்

திருவொற்றியூர்,
3.3.2008

அன்புள்ள கிறிஸ்டி,

நீயும் உன் வீட்டுக்காரரும் அந்தக் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியமாக இல்லை. இந்தக் கடிதம் முழுக்கப் புலம்பல்தான், பொறுத்துக்கொள்.

நான் வேலை பார்க்கும் துணிப்பை கம்பெனி உனக்குத் தெரியும். துணிக்குச் சாயம் போட்டு, பையாகத் தைத்து, உங்கள் ஊர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். தையலிலும் சாயத் தொட்டியிலுமாக ஐம்பத்திரண்டு பெண்கள். பை வாங்குகிறவர்கள் இந்த வருடம் ஒரு இணையதளத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் செய்கிறோமா, ஆட்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று அதில் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் ஆர்டர் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள், அத்தனையும் வக்கீல் இங்கிலீஷ். இருபது நிமிடம் தொடாமல் விட்டால் அதுவே வெளியே தள்ளிவிடுகிறது, எழுதினதெல்லாம் போய்விடுகிறது. நான்கு தடவை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். நேற்று நூற்றெண்பதாவது கேள்வியில் கரண்ட் போனது. பாத்ரூமில் போய் அழுதேன்.

முதலாளி லியாகத் அலி பாய் மணிக்கொரு தரம் வந்து பின்னால் நிற்கிறார். மாதக் கடைசிதான் கெடு. திரையின் அடியில் உன் கம்பெனி பெயர் இருக்கிறது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். ஆபீஸ் மெயிலை எல்லோரும் படிப்பார்கள், ஆகவே தபால். இதைக் கட்டின மகராசர்கள் ஒரு நாளாவது தாங்களே உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தார்களா? கேட்டுச் சொல்.

உன் அன்பு


ராட்டர்டாம்,
16.3.2008

அன்பு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தத் தளத்தை முழுதாக மாற்றி வரையும் வேலை போன மாதம்தான் என் மேசைக்கு வந்தது. எந்தப் பொத்தான் எங்கே, எந்தக் கேள்வி எப்படி, எல்லாம் இனி என் பொறுப்பு. நீ அழுததை மீட்டிங்கில் சொன்னேன். பன்னிரண்டு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கே யாருமே அதை நிரப்பிப் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்று செய். நீ அதை உண்மையில் எப்படி நிரப்புகிறாய் என்று எழுது. காலேஜில் என் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தவள் என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கம்பெனி பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கல்மண்டபம் பக்கம் போனால் அம்மாவை எட்டிப் பார். போனில் உன்னைத்தான் விசாரிக்கிறாள்.

கிறிஸ்டினா


திருவொற்றியூர்,
2.4.2008

அன்புள்ள கிறிஸ்டி,

அம்மாவைப் பார்த்தேன். முட்டிவலி தவிர ஒன்றுமில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம்.

படிவத்தை முடித்துவிட்டேன். எப்படி என்றால், எல்லாவற்றுக்கும் 'ஆம்'. பக்கத்து கம்பெனி கணக்கர் சொல்லிக் கொடுத்த வழி அது. 'இல்லை' என்று அழுத்தினால் சிவப்பில் ஒரு வரி வந்து, ஏதோ சான்றிதழ் கேட்டு, அடுத்த பக்கத்துக்கே விடாது. 'ஆம்' என்றால் வழுக்கிக்கொண்டு போகும். இந்த வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் நிரப்புகிறார்கள்.

கழிவு நீரைச் சுத்திகரித்து வெளியேற்றுகிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றேன். எங்கள் சாயத் தண்ணீர் பின்பக்க வாய்க்கால் வழியாக நேராகக் கால்வாய்க்குத்தான் போகிறது. தொட்டியில் நிற்பவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் உண்டா? ஆம். பூட்ஸ் பீரோவில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வருகிற அன்று எடுத்துக் கொடுப்போம், அவர் கார் கிளம்பினதும் கழுவி உள்ளே வைத்துவிடுவோம். தொட்டியில் நிற்கும் செங்கொடி என்கிற பெண்ணுக்குக் கெண்டைக்கால் வரை தோல் உரிந்திருக்கிறது. அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் 'ஆம்' என்று அழுத்தினேன்.

பாய் கெட்டவர் இல்லை. சுத்திகரிப்புத் தொட்டி கட்ட அவருக்கும் ஆசைதான், கை எட்டவில்லை. இப்போது இல்லை, செய்ய நினைக்கிறோம் என்று சொல்ல உங்கள் படிவத்தில் இடமே இல்லை கிறிஸ்டி.

உன் அன்பு


ராட்டர்டாம்,
9.6.2008

என் அன்புக்கு,

முடிந்துவிட்டது. ஜூலை முதல் தேதி புதுத் தளம் வருகிறது. தமிழில் இருக்கும். நாற்பதே கேள்விகள், படத்தோடு. கரண்ட் போனாலும் எழுதினது போகாது. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்கள். ஆம், இல்லை, அப்புறம் 'இன்னும் இல்லை, அவகாசம் வேண்டும்'. அந்த மூன்றாவது உன்னுடையது. உன் கடைசி வரியை அப்படியே எடுத்து வைத்தேன். அதை அழுத்தினால் வாங்குகிறவர்கள் உங்களுக்கு அவகாசம் தர வேண்டும், தொட்டி கட்டவும் கை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் யாராவது முதலில் அதை அழுத்த வேண்டும் அன்பு. எல்லோரும் பழையபடி 'ஆம்' என்றே போட்டால், மூன்றாவது பதில் தேவையில்லை என்று எடுத்துவிடுவார்கள். அதற்காக நான் இங்கே இரண்டு மாதம் சண்டை போட்டிருக்கிறேன். பாயிடம் பேசு. உண்மையை எழுதுங்கள். பயப்படாதே, அந்தத் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் என் கையால் வரைந்தது.

கிறிஸ்டி


திருவொற்றியூர்,
11.8.2008

கிறிஸ்டி,

உடனே எனக்கு போன் செய். ஆபீஸ் நம்பர் உன்னிடம் இருக்கிறது. இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பேச வழியில்லை.

நீ சொன்னபடி ஜூலையில் நிரப்பினேன். பாய் இரண்டு நாள் ஒப்புக்கொள்ளவில்லை. என் சிநேகிதி செய்தது, நான் பொறுப்பு என்றேன். "உன்ன நம்பித்தாம்மா சரின்றேன்" என்றார். கழிவு நீருக்கும் பூட்ஸுக்கும் மூன்றாவது பதில் போட்டேன். செங்கொடியின் காலை நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன், அது வேறு.

இன்றைக்கு வரை ஆர்டர் வரவில்லை. ஆர்டர் வாங்கித் தரும் ஏஜெண்டைக் கேட்டால், உங்கள் பெயரே லிஸ்டில் வரவில்லை என்கிறான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையாம், கண்ணிலேயே படவில்லையாம். அது எப்படி? தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன. போன வாரம் தையலும் நின்றுவிட்டது. பெண்கள் தினமும் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன நடந்தது என்று பார். கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்பு


ராட்டர்டாம்,
25.8.2008

அன்பு,

போனை இரண்டு தடவை கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லாமல் வைத்துவிட்டேன்.

வாங்குகிறவர்கள் பார்க்கும் பக்கத்தையும் நான்தான் வரைந்தேன். பட்டியல் ரொம்ப நீளம், கண் வலிக்கிறது என்றார்கள். எல்லாம் 'ஆம்' என்று சொன்ன கம்பெனிகள் மட்டும் முதலில் தெரிகிற மாதிரி செய்தேன். மற்றவர்களைப் பார்க்கக் கீழே ஒரு சின்னப் பொத்தான் வைத்தேன். பக்கம் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். உனக்கு எழுதும்போது அந்தப் பொத்தான் எனக்கு நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. இதுவரை அதை எத்தனை பேர் அழுத்தியிருக்கிறார்கள் என்று நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒருத்தர். அது நான்.

மேலே இருப்பவர்களிடம் போராடிக்கொண்டிருக்கிறேன். வாங்குகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறார்கள். உங்கள் பதில்களை நானே உள்ளே போய் 'ஆம்' என்று மாற்றிவிடட்டுமா? அனுப்பின பிறகு நீங்கள் மாற்ற முடியாது, எனக்கு அதற்கு வழி இருக்கிறது. வேலை போனாலும் பரவாயில்லை. ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

கிறிஸ்டி


திருவொற்றியூர்,
20.10.2008

கிறிஸ்டினாவுக்கு,

உன் கடிதம் செப்டம்பர் ஆரம்பத்திலேயே வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை பாய் கம்பெனியை மூடிவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டு, ஜாக்கிரதையாகப் போம்மா என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

செங்கொடி வீட்டுக்கு வந்தாள். "நெசத்த எழுதுனா வேல பூடும்னு எங்களுக்குத் தெரியும் அன்பு. எங்கள ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றாள். நீ என்னைக் கேட்டாய், நான் பாயைக் கேட்டேன். தொட்டியில் நிற்கிறவளை நாம் இரண்டு பேருமே கேட்கவில்லை.

எங்கள் ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போயிருக்கிறது. எங்கள் பெண்களில் முப்பது பேரை அங்கே எடுத்துக்கொண்டார்கள். செங்கொடியும் அங்கேதான், அதே சாயத்தில் வெறுங்காலோடு நிற்கிறாள். தண்ணீர் அதே வாய்க்காலில் போகிறது. மீதி இருபத்திரண்டு பேர் இன்னும் வேலை தேடுகிறார்கள். என்னையும் எடுத்துக்கொண்டார்கள், உன் தளம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்.

வியாழக்கிழமை அவர்களுடைய அடுத்த வருடப் படிவத்தை நிரப்பினேன். நாற்பதுக்கும் 'ஆம்'. ஒன்பது நிமிடம் ஆனது. எங்கேயும் தடங்கல் இல்லை, எதுவும் தொலையவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறாய் கிறிஸ்டி, குத்தலாகச் சொல்லவில்லை.

இனி எனக்கு எழுதாதே. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்பாய், நானும் சொல்லிவிடுவேன். உன்னிடம் எனக்குப் பொய் வராது. முப்பது பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அம்மாவை மட்டும் மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புக்கரசி