உலர்த்திய படலம்

மார்ச் 4
ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்தில் எனக்கு ஒரு மேசையை விட்டு வைத்திருக்கிறார்கள். இன்று துறைத் தலைவி, என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவள்தான், கட்டுரை வரைவைத் தந்தாள். மிக நுண்ணிய நானோ துகள்கள் கலந்த பாலிமர் படலம். மின்சாரத்தைச் சேமிப்பது. என் காலத்தில் நான் எட்டிய அளவைப் போல இரு மடங்கு சேமிக்கிறதாம். கட்டுரையில் கடைசிப் பெயர் என்னுடையது.

இரு மடங்கா?

மார்ச் 5
படலம் ஈரம் குடித்திருந்தால் அளவு பொய்யாக ஏறும். அவளுக்குத் தெரியாததா? தெரிந்தேதானா? பொய் என்றால் என் பெயரும் சேர்ந்தல்லவா நாறும்.

மார்ச் 7
கேட்டுவிட்டேன். "நல்லா உலத்தினியாம்மா?"

"அதெல்லாம் பாத்தாச்சு சார். டீ சொல்லவா?"

டீ எதற்கு இப்போது?

மார்ச் 10
அவள் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு படலத்தை எடுத்தேன். திருட்டல்ல, நானும் குழுவில் ஒருவன். என் வழக்கப்படி வெற்றிட அடுப்பில், நூற்றிருபது டிகிரியில் உலர வைத்தேன்.

மார்ச் 11
அவள் சொன்ன அளவில் பாதிக்கும் கீழே. மறுபடி அளந்தேன். அதேதான்.

மனைவி, "அந்தப் பொண்ணுகிட்டயே காட்டிக் கேளுங்களேன்" என்றாள்.

"மழுப்புவா."

"நீங்க கேக்குற லட்சணம் எனக்குத் தெரியாதா? கேட்ட மாதிரியே இருக்காது."

மார்ச் 13
என் பெயரை நீக்கும்படி அவளுக்கு எழுதினேன். காரணம்: உடல்நிலை. (கோழை.) பதில் ஒரே வரி: "சரி சார், வருத்தமா இருக்கு."

வருத்தமா, நிம்மதியா?

மே 20
கட்டுரை போன இதழ்க்காரர்கள் கேட்டு, வேறொரு ஆய்வகம் அந்தப் படலத்தைச் செய்து பார்த்திருக்கிறது. அதே இரு மடங்கு! நடைவழியில் அவளை நிறுத்தினேன்.

"எத்தனை டிகிரில உலத்தின?"

"இதுக்குச் சூடே ஆகாது சார். வெறும் வெற்றிடத்துல ஒரு வாரம் கிடக்கணும். நூறைத் தாண்டினா உள்ள அடுக்கெல்லாம் கலைஞ்சு செத்துப் போயிடும். ஏன் சார்?"

"சும்மாதான்."

என்னையே பார்த்தாள். "மார்ச்சுல ஒரு படலம் காணாமப் போச்சு."

"அப்படியா" என்றேன்.

ஜூன் 8
கட்டுரை வெளிவந்துவிட்டது. ஐந்து பெயர்கள். நான் இல்லை.

ஜூன் 9
மேசைக்கு வந்து புதிய படலங்கள் இரண்டை வைத்தாள். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே சார்" என்றாள். அவ்வளவுதான். கேலியா? முகத்தில் தெரியவில்லை.

இரண்டையும் அடுப்பில் வைத்து, சூட்டை அணைத்து, வெற்றிட பம்பை மட்டும் ஓடவிட்டு வந்தேன். ஒரு வாரம்.