கேள்விக்கு இரண்டரை நிமிஷம்

ஹெப்பகோடி
9 நவம்பர் 2025

அப்பா,

உன் ஜிமேட் நுழைவுத் தேர்வு ஸ்கோர் பார்த்தேன். 455. அந்த எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ.வுக்கு 550-க்குக் கீழே இருந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்னு நீயே எழுதியிருக்கே. புதுசா புஸ்தகம் வாங்காதே. ஏற்கெனவே அஞ்சு இருக்கு.

ஒண்ணு பண்ணு. வீட்டிலேயே ஒரு மாதிரி ஜிமேட் எழுது. தப்பாப் போன ஒவ்வொரு கேள்விக்கும், அந்த நேரத்துல என்ன நினைச்சேன்னு எழுதி மெயில் அனுப்பு. 'கவனக்குறைவு'ன்னு எழுதினா திருப்பி அனுப்பிடுவேன். போன் வேண்டாம். போன்ல மூணாவது நிமிஷமே நான் இன்ஜினியரிங்கைப் பாதியில விட்ட கதைக்கு வந்துடறே.

கோடவுன்ல ஷிஃப்ட் மாறிடுத்து. சாப்பாடு சுமார்.

சுப்ரியா

மல்லேஸ்வரம்
16 நவம்பர் 2025

அன்புள்ள சுப்ரியாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீ வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஈரத் தலையோடு வேலைக்குக் கிளம்பாதே.

நீ சொன்னபடி எழுதினேன். கணக்கில் இருபத்தொரு கேள்வி, நாற்பத்தைந்து நிமிஷம். ஆறாவது கேள்வி, குழாயும் தொட்டியும். மூன்றாவது நிமிஷமே வராது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நேரம் போட்டாச்சு, இப்போது விட்டால் அதுவும் வீண் என்று நினைத்தேன். கடைசி நான்கு கேள்விகளைப் பார்க்கவே இல்லை.

என் பக்கத்து மேஜை லாயிட்டைப் போன வாரம் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம். எம்.பி.ஏ. சேருகிறவர்களை மட்டும் இப்போதைக்குத் தொட மாட்டார்களாம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. சனிக்கிழமைகளில் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு லைப்ரரியில் உட்காருகிறேன். மறுபடி பரீட்சை டிசம்பர் 13. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 20. அதற்குப் பிறகு எனக்குத் தேதி இல்லை.

ஸ்ரீகண்டன்

ஹெப்பகோடி
17 நவம்பர் 2025

அப்பா,

லாயிட் அங்கிளா?

கணக்கு உனக்கு வரும். விடத்தான் வரலை. தப்பாப் போட்டாப் போற மார்க்கைவிட, தொடாம விட்டா ஜாஸ்தி போகும். கேள்விக்கு மிஞ்சிப் போனா இரண்டரை நிமிஷம். வரலையா, கண்ணுல பட்ட விடையை அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிண்டே இரு.

தினம் இருபது கேள்வி போடு. அதுல மூணை வேணும்னே விடு. எந்த நிமிஷத்துல விட்டேன்னு எழுது. முதல்ல கை போகாது. எனக்குத் தெரியும்.

சுப்ரியா

மல்லேஸ்வரம்
4 டிசம்பர் 2025

அன்புள்ள சுப்ரியாவுக்கு,

நேற்றைய மாதிரித் தேர்வில் 535. மூன்று கேள்விகளை விட்டேன். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றியது. இன்னும் பதினைந்து மார்க்காவது ஏற வேண்டும். ஒன்பது நாள்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? இன்ஜினியரிங் வராது என்று உனக்கு எப்போது தெரிந்தது? விட்டபோது ஏன் விட்டாய் என்று கத்தினேன். இதைக் கேட்கவில்லை.

ஸ்ரீகண்டன்

ஹெப்பகோடி
5 டிசம்பர் 2025

அப்பா,

ரெண்டாவது மாசம். அப்புறம் ரெண்டரை வருஷம் உட்கார்ந்திருந்தேன். உங்கிட்டச் சொல்லப் பயம்.

13-ஆம் தேதி பாஸ்போர்ட்டை எடுத்துக்கோ. அது இல்லாம உள்ளே விட மாட்டா. முந்தின நாள் எதையும் படிக்காதே.

சுப்ரியா

மல்லேஸ்வரம்
14 டிசம்பர் 2025

அன்புள்ள சுப்ரியாவுக்கு,

575. திரையில் பார்த்தும் நம்பாமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் படிக்கச் சொன்னேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் காபி கொடுத்தாள்.

விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பரிந்துரைக்கு ஒருவர் பெயர் கேட்டிருந்தது. தவறைச் சுட்டிக்காட்டினால் இவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று அவர் எழுத வேண்டுமாம். உன் பெயரைக் கொடுத்தேன். உறவு: மகள். பதவி என்ற இடத்தில் 'எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்' என்று போட்டேன். உனக்கு மெயில் வரும், நிரப்பிவிடு.

ஸ்ரீகண்டன்

ஹெப்பகோடி
15 டிசம்பர் 2025

அப்பா,

மெயில் வந்தது. சொந்தக்காரா பேரைக் கொடுத்தா விண்ணப்பத்தையே தள்ளிடுவோம்னு கீழே போட்டிருக்கு. படிக்கவே இல்லையா நீ? இன்னிக்கே உன் மேனேஜர் வீணா மேடத்தைக் கேளு. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. 575 போதுமான்னு எனக்கும் தெரியலை. பயமாத்தான் இருக்கு.

மாத்தறதுக்கு முன்னாடி, என் பேர் இருக்கிற அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வை. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறேன்.

சுப்ரியா