மொஸ்கோவில் பதினொரு மணித்தியாலம் இருந்தவன் நவம் அண்ணைக்கு எழுதுவது

என் பாசத்துக்குரிய நவம் அண்ணை,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியில் இந்த எசன் நகரத்துத் தமிழர்களில் பாதிப்பேர் நான் மொஸ்கோவில் படித்தவன் என்றுதான் இன்னமும் நம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அறிவிப்பாளர் என்னை "ரஷ்ய விவகார ஆய்வாளர்" என்று அழைக்கும்போது நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மொஸ்கோவில் நான் இருந்தது பதினொரு மணித்தியாலம். கிழக்கு பெர்லினுக்கு அடுத்த விமானம் ஏறும்வரை, ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு, மற்றதை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டபடி கழிவறை வாசலில் நின்றேன். என் ரஷ்ய ஞானம் அவ்வளவுதான்.

அங்கே ஆறு வருடம் பொறியியல் படித்தவர் நீங்கள். படித்துவிட்டு இங்கே வந்து, இத்தாலிய உணவகக் குசினியில் என் பக்கத்தில் நின்று சலாட் வெட்டினீர்கள். ரஷ்யா அமெரிக்காவோடு ஏன் முறைக்கிறது, ஜேர்மனியோடு ஏன் குழைகிறது என்று வெங்காயம் நறுக்கியபடியே நீங்கள் சொல்வதை, நான் பீட்சாப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் கிறுக்கிக்கொள்வேன். ஞாயிறன்று அதையே குரலைத் தடிப்பாக்கி வாசிப்பேன். "என்னடா, என்ர வெங்காயம் நேற்று உன்ர வாயில மணந்தது" என்று திங்கட்கிழமை சிரிப்பீர்கள். ஒருநாளும் கோபித்ததில்லை.

போன ஆவணி வரை.

ஜோர்ஜியாவுக்குள் ரஷ்யப் படை போய், தென் ஒசேத்தியாவையும் அப்காசியாவையும் தனிநாடுகள் என்று மொஸ்கோ ஏற்றுக்கொண்ட கிழமை அது. எங்கள் ஆட்களுக்குக் கால் தரையில் படவில்லை. மாசியில் மேற்கு நாடுகள் கொசோவோவை ஏற்றன, இப்போது ரஷ்யா இவர்களை. அடுத்தது நாங்கள்தானே? நீங்கள் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"கதவு திறந்தது உண்மைதான். ஆனா அந்தச் சனத்தில பாசம் பொங்கியே திறந்தவங்கள்? கொசோவோவுக்குப் பதிலடி. தன்ர வாசல்ல மேற்கின்ர படை வந்து நிக்கக்கூடாது எண்ட பயம். எங்கட கடல் ரஷ்யாவின்ர வாசல் இல்லையடா. அது எங்களுக்காகக் கொழும்பைப் பகைக்காது. வீட்டுக்குள்ள செச்சினியாவை வச்சுக்கொண்டு ஊரான் பிரியிறதுக்கு எப்பிடிக் கை தட்டும்?"

அத்தனையையும் மூடியில் எழுதினேன். வானொலியில் முதல் வரியை மட்டும் வாசித்தேன். கதவு திறந்துவிட்டது!

கேள்வி கேட்பவர் தொலைபேசியை வைத்த பிறகுதான் பதில் சொல்வது எங்கள் நிகழ்ச்சியின் வழக்கம். அன்று டோர்ட்முண்டிலிருந்து வசந்தி அக்கா அழைப்பு எடுத்தார். "தம்பி, அம்மா கிளிநொச்சியில தனிய இருக்கிறா, சண்டை கிட்ட வருது. வெளிய வர இயக்கத்திட்ட மருத்துவப் பாஸ் எடுத்து இப்பவே கொழும்புக்குக் கூப்பிடட்டோ, பொறுக்கட்டோ?"

"மூண்டு மாதம் பொறுங்கோ அக்கா" என்றேன், அரசியல் ஆய்வாளர் நான். "உலக நிலைமை எங்கட பக்கம் திரும்புது."

நிகழ்ச்சி முடிந்து அரை மணித்தியாலத்தில் உங்கள் அழைப்பு. "மிச்சத்தை ஏன்ரா விழுங்கினாய்?"

"சனத்துக்கு ஒரு நம்பிக்கை வேணும் அண்ணை."

"அந்த மனுசியின்ர தாய் உயிரோட இருக்கவும் வேணும். வாற கிழமை நீயே பிழை எண்டு சொல்லு."

"ஏலாது அண்ணை. சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதுவே நாங்கள் கடைசியாகப் பேசியது. அதன்பிறகு குசினியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று வெட்டினீர்கள். மூன்றடி தூரம். "பிழை அண்ணை" என்று சொல்ல எனக்கு இரண்டரை மாதம் கிடைத்தது. கார்த்திகையில் டிராம் தரிப்பிடத்தில் உங்கள் இதயம் நின்றுபோனது. செத்தவீட்டிலும் நான் பின்வரிசையில்தான் நின்றேன்.

இங்கத்தைய புதினம் கேளுங்கள். தை மாதம் உக்ரைனோடு சண்டை பிடித்து ரஷ்யா எரிவாயுக் குழாயை மூட, என் மேல்வீட்டு ஜேர்மன்காரி அறையைச் சூடாக்கும் ஹைசுங் சுடுகிறதா என்று நாளுக்குப் பத்துத் தடவை தடவிப் பார்த்தார். இங்குள்ளவர்கள் மொஸ்கோவைத் திட்டிக்கொண்டே பால்டிக் கடலுக்கடியில் அவர்களிடமிருந்து புதுக்குழாய் போட ஆயத்தம் செய்கிறார்கள். அமெரிக்காவின் புது அரசும் மொஸ்கோவோடு முதலிலிருந்து தொடங்குவோம் என்கிறது. வைகாசியில் ஊரில் போர் தோற்று எங்கள் கதை முடிந்தது. உலக நாடுகளின் சபையில் அதைப் பேசவே வேண்டாம் என்று நின்றவர்களில் ரஷ்யாவும் ஒன்று. நீங்கள் இருந்திருந்தாலும் "சொன்னனான்தானே" என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வசந்தி அக்காவின் தாயார் என்ன ஆனார்? எனக்குத் தெரியாது அண்ணை. கேட்கவில்லை. பத்து மாதமாக டோர்ட்முண்ட் பக்கமே போகாமல், கலியாணவீடுகளுக்குக்கூடக் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒளித்துத் திரிகிறேன். என்னை நம்பியா அந்த மனுசி பொறுத்தார்?

வாற ஞாயிறு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். வசந்தி அக்கா கட்டாயம் வருவார். முன்னால் போய் நிற்பேன், அவர் திட்டுவதை நின்று கேட்பேன். அடுத்த நிகழ்ச்சியில் உங்கள் பெயரைச் சொல்லி, நான் விழுங்கியதையெல்லாம் வாசிப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வாயால் பேசிப் பெரியாளான தம்பி,
சிறி

பி.கு.: தேரன்று வசந்தி அக்காவைக் கண்டேன். "அம்மாவோ? அவ அடுத்த கிழமையே கொழும்புக்கு வந்திட்டா தம்பி, சுகமா இருக்கிறா" என்றார். "அண்டைக்குக் கேள்வியைக் கேட்டிட்டு வேலைக்கு ஓடிட்டன். நீங்கள் என்ன பதில் சொன்னனீங்கள்?"