மஞ்சள் மேல் போட்ட பழி

ஹூஸ்டன்
14-3-1984

அன்புள்ள அம்மாவுக்கு,

வேதவல்லியின் நமஸ்காரம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், கோபம்தான் ஆறவில்லை.

கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் திரவங்களை லேபில் சோதிக்கிறோம். நேற்று காலிக் குப்பியே புறஊதா விளக்கடியில் ஒளிர்ந்தது. "எல்லாம் உன் முகத்து மஞ்சள்தான்!" என்று புரொஃபசர் எல்லார் எதிரிலும் கத்தினார்.

மஞ்சள் ஒட்டிய என் விரலை விளக்கடியில் நீட்டினேன். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. குப்பியிலோ நீலம். அவர் சட்டையிலும் அதே நீலம். துணிக்குப் போடும் சோப்புத்தூள்தான் அப்படி ஒளிரும்! குப்பியைச் சட்டை நுனியால் துடைப்பவரே அவர்தான். "இன்ட்ரஸ்டிங்" என்றார். ஒரு ஸாரி கிடையாது.

பூசுமஞ்சள் தீரப்போகிறது, நிறைய அனுப்பு. இனி இரண்டு பங்கு பூசிக்கொண்டு போவேன். இந்த ஊருக்கு வந்த ஆறு மாதத்தில் ஒருவர் என் முகத்தை நின்று பார்த்ததே பழி போடத்தானே, அம்மா!

பஸ் வந்துவிட்டது.

வேதா