வார்னிஷ் பூசாத காயில்

வேப்பந்தட்டை,
16.2.2025, ஞாயிறு.

அன்பு மகள் முத்தமிழுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், என் முட்டிவலி என்னைவிட நன்றாக இருக்கிறது. கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் யாழினிக் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்க சிறுவாச்சூர் மதுரகாளியிடம் வெள்ளிக்கிழமை வேண்டிக்கொண்டு வந்தேன், அவள் பார்த்துக்கொள்வாள், நீயும் கொஞ்சம் காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் காயில் என்று ஆரம்பித்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன், நம் கடையில் வேலை செய்கிற சத்யா போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். நீ கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. மோட்டார் காயில் கட்டுகிற ரீவைண்டிங் கடையை மெக்கானிக் வீரமணிக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்தே இருந்துவிடுகிறாயா இல்லையா, விசா பேப்பர் போட வேண்டும், பிப்ரவரிக்குள் ஒரே வார்த்தையில் சொல்லு என்றாய். ஒரே வார்த்தையில் சொல்ல உன் அம்மாவுக்கு எப்போது வந்தது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

கார்த்திகை பிறந்த சமயம், லெப்பைக்குடிக்காட்டு ஜமால் முகமது பாயின் மகள் சமீரா ஒரு குட்டியானை வண்டியில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய ஒரு பெரிய பெட்டியோடு கடைக்கு வந்தாள். அவர்கள் தோட்டத்து மோட்டாரை நம் கடையில் இரண்டு முறை கட்டியிருக்கிறோம், அந்தப் பழக்கம். தார்ப்பாயை அவிழ்த்தால் உள்ளே ஒரு பின்பால் மெஷின். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. சாய்வாக ஒரு மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் எஃகுக் குண்டு. ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டால் குண்டு மேலே ஏறி, காளான் காளானாக நிற்கும் குமிழ்களில் மோதி மோதிக் கீழே வரும். அது குழியில் விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பாய் சார்ஜாவில் ஓட்டல் வைத்திருந்தபோது வாங்கியது, ஓட்டலை மூடிவிட்டு வந்தபோது மேசை நாற்காலியோடு கண்டெய்னரில் வந்து இருபது வருடமாக குடோனில் கிடந்திருக்கிறது. சமீரா பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐஸ்கிரீம் கடை திறக்கப் போகிறாளாம், வாசலில் இதை நிறுத்த வேண்டுமாம். பெங்களூரில் ஒருவரிடம் காட்டியதற்கு பாகம் கிடைக்காது, எடைக்குப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டார். ஏதோ ஓடினால் போதும் என்று அவள் கேட்கவில்லை. ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் இறக்கினது மாதிரி வேண்டும் என்றாள்.

நான் முடியாது என்றுதான் சொன்னேன். பொங்கல் கழித்துக் கடையைத் தருவதாக வீரமணியிடம் வாக்கு கொடுத்தாகிவிட்டது, இந்த நேரத்தில் எதற்கு வம்பு. ஆனால் வந்தது வந்தாகிவிட்டது, மூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்போம் என்று பார்த்தேன் முத்து, அப்புறம் மூட மனசு வரவில்லை. ஒரு போர்டு கிடையாது, ஒரு சிப்பு கிடையாது. முழுக்க ரிலே, காயில், பாயிண்ட். முப்பது காயில் எண்ணினேன். எலி கடித்த ஒயரும் சிலந்திக் கூடுமாக இருந்தாலும் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பது வருடமாகச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி நான் கட்டியது காயில்தானே. சத்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுட்டுப் போங்க, இதச் சரி பண்ணாம அக்கா ராத்திரி தூங்காது என்று சமீராவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்புறம் நடந்ததை எல்லாம் சொன்னால் ஒரு குயர் நோட்டு போதாது. சமீரா இன்டர்நெட்டில் எடுத்துக் கொடுத்த சர்க்யூட் படத்தை ஆறு தாளில் ஜெராக்ஸ் போட்டு ஒட்டி, காலண்டரைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டினோம். எரிந்துபோன டிரான்ஸ்பார்மரை நானே சுற்றினேன். மின்சாரம் தொட்டுப் போகிற பாயிண்டுகளை எல்லாம் கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி, நடுவில் விட்டு இழுத்து இழுத்துத் துடைத்தோம், யார் யார் கல்யாணமோ அதில் சுத்தமானது. பெட்டியின் அடிப்பலகை கரையான் தின்று மாவாகிவிட்டது, அரும்பாவூர் சாமிதுரை ஆசாரியிடம் கொண்டுபோனேன். மனுஷன் தேருக்கும் கோயில் வாகனத்துக்கும் செதுக்குகிறவர், பிளைவுட்டைத் தொடமாட்டேன் என்று முறைத்துவிட்டு வாகைப் பலகையில் செய்து தந்தார். அதோடு விட்டாரா, நாலு மூலையிலும் ஒரு யாளி முகம் வைத்துத் தருகிறேன் என்று நின்றார். இது வெள்ளைக்காரன் பெட்டி, யாளி ஆகாது என்று கெஞ்சிக் கூத்தாடித் தடுத்தேன். ஆட்டப் பலகையில் பெயிண்ட் தேய்ந்த இடத்தை எல்லாம் சத்யா ஜீரோ நம்பர் பிரஷ்ஷால் தீட்டினாள். பதினோரு வருடமாக முடி மாதிரி கம்பி சுற்றிய கை, ஓர் இடத்தில் ஆடவில்லை. பின்னால் நிற்கிற படக் கண்ணாடியில் குதிரை மேல் நிற்கும் சர்க்கஸ்காரி மட்டும் நம் புண்ணியம், கம்பளியில் சுற்றி வைத்திருந்ததால் ஒரு கீறல் இல்லை. எனக்கு அந்த இரண்டு மாதமும் பசி எடுத்தது, உன் அப்பா போன இந்த ஒன்றரை வருடத்தில் அப்படிப் பசித்ததே இல்லை.

எரிந்துபோன எட்டு காயில்களையும் பழைய சுற்றை எண்ணி, அதே கனத்தில் கம்பி வாங்கி, அப்படியே கட்டினேன். கட்டி முடித்ததும் வழக்கம்போல் வார்னிஷில் முக்கி, மொட்டை மாடியில் தை வெயிலில் காய வைத்தோம். வார்னிஷ் காட்டாத காயில் கடை வாசல் தாண்டக்கூடாது என்பது உன் அப்பா போட்ட சட்டம், உனக்கே தெரியும், நீ சின்னவளாக இருந்தபோது அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்கூலுக்குப் போவாய். ஜனவரி இருபதாம் தேதி ஓட்டிப் பார்க்கிற நாள். சமீரா வந்திருந்தாள். கடையை அளந்து பார்க்க டேப்போடு வீரமணியும் வந்து நின்றான். சுவிட்சைப் போட்டேன், விளக்கு எல்லாம் எரிந்தது, மணி அடித்தது, சத்யா குண்டை விட்டாள், நான் துடுப்பைத் தட்டினேன். துடுப்பு மேலே போனது, போனது போனதுதான், கீழே வரவில்லை. அரை நிமிஷத்தில் புகை. அந்தப் பக்கத் துடுப்பும் அதே கதை. பியூசைப் பிடுங்கிவிட்டு நிற்கிறேன். வீரமணி டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னான், "அண்ணன் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமாக்கா. நீங்க ஏன் சிரமப்படுறீங்க, பொண்ணுகிட்ட போயி நிம்மதியா இருங்க."

கெட்டவன் இல்லை, நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். ஆனால் எனக்கு உயிரே போனது போல இருந்தது, ஏனென்றால் ஊர் முழுக்க நினைப்பதைத்தான் அவன் வாயைத் திறந்து சொன்னான். கடைக்கு உன் அப்பா பெயர், செந்தில்குமார் என்றுதானே இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து கட்டியது நான் என்று யாருக்குத் தெரியும். எனக்கே அப்படித்தான் தோன்றியது. அவர் இல்லாமல் நான் வெறும் கை மட்டும்தான், மூளை அவரோடு போய்விட்டது என்று நினைத்தேன். அந்தப் பயத்தில்தான் நீ கூப்பிட்டபோது சரி என்றேன், உன் மேல் உள்ள ஆசையில் மட்டும் இல்லை. இதை உன்னிடம் ஒளிக்க விருப்பமில்லை. சமீராவிடம், தப்பு என்னுடையது, வேறு யாரையாவது பாரம்மா என்றேன். அவள், திறப்பு விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கே அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகு, துடுப்பை இழுக்கிற அந்த எரிந்த காயிலை மேசையில் வைத்து உடைத்தேன். இந்தக் காயிலுக்கு நடுவில் ஒரு குழாய், அதற்குள் ஓர் இரும்புத் துண்டு போய்ப் போய் வர வேண்டும். அந்த இரும்பு வெளியே வரவில்லை, சுத்தியால் தட்டித்தான் எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் அதன் உடம்பு முழுக்க வெல்லப்பாகு போல வார்னிஷ். முக்கியபோது குழாய்க்குள் இறங்கி அங்கேயே காய்ந்திருக்கிறது. மோட்டாரில் காயில் அசையாது, வார்னிஷ் அதைக் கெட்டியாகப் பிடிக்கும், நல்லது. இங்கே உள்ளே ஓடுகிற பொருளையே பிடித்துவிட்டது. பிடித்தால் சூடு, சூடானால் புகை. சத்யாவிடம் காட்டினேன். அவள் இரும்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அண்ணன் இருந்திருந்தா ரெண்டு தடவ முக்கியிருக்கும்க்கா." முத்து, நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உண்மைதானே, அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை முக்குகிற மனுஷன். அவர் இருந்திருந்தால் இந்த மெஷின் இன்னும் சீக்கிரம் எரிந்திருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் கற்றதில்தான் இந்த வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

எட்டையும் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினோம். வார்னிஷ் கிடையாது, மேலே மஞ்சள் டேப் மட்டும். செங்குத்தாகப் பிடித்தால் இரும்பு தன் எடையிலேயே வழுக்கிக் கீழே விழ வேண்டும், விழாவிட்டால் அந்தக் காயில் பெட்டிக்குள் போகக்கூடாது. இந்தச் சட்டம் நான் போட்டது.

போன ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கடை திறந்தார்கள். கால் நாலும் கண்ணாடி மாதிரி பளபளக்க, படம் பின்னால் விளக்கோடு, நம் பெட்டி வாசலில் நிற்கிறது. பாய் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாஷா அல்லாஹ், நான் வாங்கின அன்னைக்கே இது இப்படி இல்லையே என்றார். என்னைத்தான் முதலில் ஆடச் சொன்னாள் சமீரா. பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். குண்டை விட்டேன், டிங் டிங் என்று அது மோதி வருகிறது, துடுப்பைத் தட்டினால் பட்டென்று மேலே, பட்டென்று கீழே, நம்பர் உருளை எல்லாம் கடகடவென்று சுற்றுகிறது. என்னை மறந்து ஆடினேன் போல, சத்யா இடுப்பில் கிள்ளி, அக்கா பின்னால வரிசை நிக்குது என்றாள். திரும்பினால் பஸ் டிரைவர், காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரி, வெங்காய வியாபாரி, எல்லாரும் நிற்கிறார்கள். யார் செய்தது என்று ஒருவர் கேட்டதற்கு, வேப்பந்தட்டை சித்ராக்கா செஞ்சது என்று சமீரா சொன்னாள். கடை பெயரைச் சொல்லவில்லை, என் பெயரைச் சொன்னாள். அப்புறம் கொடுத்த ஐஸ்கிரீமைக் கையிலேயே உருகவிட்டு நின்றேன்.

கேட்டவர் ஆலத்தியூரில் சிமெண்டு ஆலைக் குடியிருப்பில் இருக்கிறவர். அங்கே மனமகிழ் மன்றத்தில் இதே மாதிரி இரண்டு முடங்கிக் கிடக்கிறதாம். நேற்று லாரியில் வந்து இறங்கிவிட்டன. நான் இதை எழுதும்போது என் எதிரில்தான் நிற்கின்றன, ஒன்றில் கப்பல் படம், ஒன்றில் சீட்டுக்கட்டு. அதற்கு முன்தினமே வீரமணியை வரச்சொல்லி, வாக்கு தவறுகிறேன் தம்பி, மன்னித்துக்கொள், கடையைத் தரவில்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கித்தான் போனான். இன்று காலையில் வந்து, கட்டுவதற்கு ஒரு மோட்டாரை இறக்கி, புதன்கிழமை வேணும்க்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆக, பதில் உனக்குத் தெரிந்துவிட்டது. வருத்தப்படுவாய், தெரியும். உன் அப்பா இருந்தபோது உன்னிடம் வந்து இருந்த நாலு மாதத்தில் நீயும் மாப்பிள்ளையும் என்னைத் தங்கத் தட்டில் வைத்துத்தான் தாங்கினீர்கள், ஒரு குறை இல்லை. ஆனால் நான் அங்கே செய்த ஒரே வேலை பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டை அடுக்கியதுதான், அதையும் கழற்றிப் பார்க்கப் போய் மாப்பிள்ளை பயந்து ஓடி வந்தார். நான் தனியாகக் கிடக்கிறேன் என்று அழாதே. எனக்கு வேலை இருக்கிறது, சத்யா இருக்கிறாள், ஊரில் என் பெயர் இருக்கிறது. உன்னைப் பார்க்காமல் இருப்பது வலிக்கத்தான் செய்கிறது, அதற்கு மருந்து இல்லை.

யாழினிக்கு லீவு விடும்போது ஒரு மாதம் வருகிறேன், போக வர இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் போடு. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து மோரைக் குடித்துவிட்டுப் படுக்காதே. மாப்பிள்ளையின் இடுப்பு வலிக்கு நல்லெண்ணெய் அனுப்புகிறேன். நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், கையில் எப்போதும் வேலையோடு இருக்க வேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறேன். ஒன்றை மறந்துவிடாதே. எனக்கென்று கட்டில் போட்டு, திரை மாட்டி ஒன்றரை வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறாயே அந்த அறை, அதைத் திறந்து குட்டியின் மேசையை உள்ளே போடு. நான் வந்தால் அவளோடு படுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. ஜெயசித்ரா