காதுக்கு ரெண்டு சொட்டு மை

செவ்வாய்க்கிழமை, இரவு.

வெட்கக்கேடு. இன்று உடல்நல உரிமைக் கூட்டத்தில் என் ஜோக்குக்கு நானே முதலில் சிரித்தேன்.

சங்கு குளிக்கும் சூசை எழுந்து, "சார், ரெண்டு காதும் அடைச்சிட்டு. நம்ம ஆஸ்பத்திரிக்கு காது டாக்டர் எப்ப வாராரு?" என்று கேட்டார்.

"உலக மனித உரிமை ஒப்பந்தத்துல நம்ம நாடு எப்பவோ கையெழுத்து போட்டாச்சு. வைத்தியம் உங்க உரிமை" என்றார் மேடையில் இருந்த சுகாதார அதிகாரி.

கூட்டத்தைத் தொகுத்து வழங்குவது நான்; மைக் கையில் இருக்கும்போது சும்மா இருப்பேனா? "அந்தக் கையெழுத்து மையில ரெண்டு சொட்டு காதுல விடும், சூசை!" என்றேன். அரங்கமே சிரித்தது. அதிகாரி என் முதுகைத் தட்டினார். குளித்த பிறகும் அந்த இடம் பிசுபிசுக்கிறது. தூ, நானும் ஒரு மனுசன்!

சூசையும் சிரித்தார் என்பதுதான் அப்போது ஒரே ஆறுதல். வாசலில் அவர் என் கையைப் பிடித்தார்.

"எல்லாரும் சிரிச்சாவ, நல்ல சேதிதானே அண்ணாச்சி? டாக்டர் என்னைக்கு வாராராம்?"