ஸ்பாஞ்சு வைத்த கால்

14 நவம்பர் 1988, திங்கள்
விடாத மழை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: கட்டுப் பிரித்தபோது என் காலை நானே பார்த்து மயங்கிவிட்டேன். கப்பல் யார்டில் எத்தனை பேரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்திருப்பேன். முழங்காலுக்குக் கீழே சதை போய் எலும்பு வெள்ளையாக. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி காலில் ஏறிச் செய்த வேலை.

டாக்டர் சொன்னதை நர்ஸ் சாந்தி, எங்களுக்கு மிஸ்ஸி, தமிழில் சொன்னாள். "சதை வளந்தா மேல தோல் ஒட்டலாம் அங்கிள். வளரலன்னா காலை எடுக்கணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிவு பண்ணுவாங்க."

"எடுத்தா ஒரு செருப்பு மிச்சம் லா."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

15, செவ்வாய்
புது வைத்தியம். புண் அளவுக்கு ஸ்பாஞ்சு வெட்டி உள்ளே வைத்து, குழாய் சொருகி, மேலே கண்ணாடித்தாள் மாதிரி பிளாஸ்டிக் ஒட்டினார் டாக்டர். குழாயின் மறுமுனை சுவரில் உள்ள உறிஞ்சும் புட்டியில். அதன் விசையைத் திறந்ததும் ஸ்பாஞ்சு சுருங்கி இறுகியது, உயிருள்ள பிராணி போல. கெட்ட நீர் சொட்டுச் சொட்டாகப் புட்டிக்குள். இப்படி உறிஞ்சினால் சதை வளருமாம். வாயைப் பிளந்து பார்த்தேன்.
மத்தியானம் கோழிக் கஞ்சி. உப்பில்லை.

21, திங்கள்
ஸ்பாஞ்சு மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டு "ம்" என்கிறார். நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா, தெரியவில்லை.

24, வியாழன்
பூன் லே வீட்டிலிருந்து பஸ் மாறி வந்தாள் என் மனைவி புஷ்பம். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த எண்ணெயுடன். நான் கண்ணயர்ந்த நேரம் புண்ணைச் சுற்றித் தாராளமாகத் தடவிவிட்டாள். பிளாஸ்டிக் ஓரம் கிளம்பி 'உஸ்ஸ்' என்று சத்தம். ஸ்பாஞ்சு ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. மிஸ்ஸி ஓடிவந்தாள்.

"என்னா தடவுனீங்க ஆன்ட்டி? எண்ணெ பட்டா ஒட்டாது. காத்து உள்ள போவுது பாருங்க."

புஷ்பம் முகம் வெளிறிவிட்டது. "ஏங்க, நானே உங்க காலைக் கெடுத்துட்டேனா?"

"அப்பளம் பொரிச்சாலும் நீ இப்படித்தான் ஊத்துவ. அழாத."

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. டாக்டரும் வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த முறை பார்த்தேன். எலும்பைக் காணோம். அதன்மேல் செக்கச்செவேல் என்று, பொடிப்பொடியாக, மாதுளை முத்து மாதிரி சதை. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. தானே வந்திருக்கிறது. என்னுடையது.

நாளைவரை காத்திருக்கத் தேவையில்லை என்றார் டாக்டர். கால் இருக்கும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள்.

28, திங்கள்
நாளை ஆபரேஷன். தோல் எடுக்கும் இடத்தை மழிக்கச் சீன அட்டெண்டர் ஒருவர் வந்தார். எந்தத் தொடை என்று சைகையில் கேட்டார். இடது என்று காட்டினேன். சுத்தமாக மழித்துவிட்டுப் போனார். பிறகு மிஸ்ஸி வந்து பார்த்துச் சொன்னாள், தோல் எடுக்கப்போவது வலதாம். இரண்டும் மழித்தாயிற்று.